பணம் வாங்கும் முன் அந்தப் பணத்தின் கணக்கைக் கேளுங்கள்

இணையத்தில் ஏதோ ஒன்றைக் கட்டுகிறார்கள். அதை நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கியதும் ஃபண்டிங் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். நான் ஒரு சிறிய சீட் ஃபண்டில், அதாவது ஆரம்ப நிலைக் கம்பெனிகளில் பங்கு வாங்கிப் பணம் போடும் நிதியில், வேலை பார்க்கிறேன். பணம் கேட்டு எங்களுக்கு வரும் பிட்ச் டெக்குகளை (கம்பெனியை விளக்கும் ஸ்லைடுகளை) முதலில் திறந்து படிப்பது நான்தான். படிக்கப் படிக்க மனதில் அழுத்தமாகப் பதிந்துபோன ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல கம்பெனி வேறு, வென்ச்சர் கேப்பிட்டலுக்கு, அதாவது மிகப் பெரிய வளர்ச்சியை நம்பிப் போடும் முதலீட்டுக்கு, தோதான கம்பெனி வேறு. முதல் வகையில் இருக்கிற எத்தனையோ பேர், இரண்டாவது வகையில் தாங்கள் இல்லை என்பது தெரியாமலேயே எங்கள் பணத்தை வாங்க வருகிறார்கள். தெரிய வரும்போது போர்டில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், பங்கில் பாதி கையைவிட்டுப் போயிருக்கும்.

அதனால் எங்கள் பக்கத்துக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபண்டில் இருக்கும் பணம் அதை நடத்தும் பார்ட்னர்களுடையது அல்ல. அவர்கள் போடுவது சிறு பங்குதான். மீதியெல்லாம் ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் கொடுத்தது. இவர்களை எல்பி (லிமிடெட் பார்ட்னர்) என்போம். ஒப்பந்தம் வழக்கமாக 10 ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம். லாபம் வந்தால் அதில் 20 சதவீதம் ஃபண்டை நடத்துகிறவர்களுக்கு. முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் புதிய கம்பெனிகளில் பணத்தைப் போட்டுவிட வேண்டும். மிச்சமிருக்கும் ஆண்டுகளில் அந்தப் பங்குகளை விற்றுப் பணமாக்கித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

10 கோடி டாலர் ஃபண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பிற்பகுதியில் குறையும் என்றாலும், பத்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை அதற்கே போய்விடும். முதலீடு செய்யக் கையில் இருப்பது சுமார் 8 கோடி. ஆனால் எல்பிகள் எதிர்பார்ப்பது 10 கோடிக்கு மூன்று மடங்கு. பத்து வருடம் பணத்தைத் தொட முடியாமல் பூட்டிவைக்கிறவர்கள், சந்தையில் கிடைப்பதைவிட வெகுவாகக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தானே. ஆக, குறைந்தது 30 கோடி வேண்டும். சீட் ரவுண்டில் (முதல் கட்ட முதலீட்டில்) நாங்கள் வாங்கிய பங்கு, அடுத்தடுத்த ரவுண்டுகளில் புதியவர்களுக்குப் புதுப் பங்குகள் கொடுக்கக் கொடுக்கக் கரைந்து விற்கும் நேரத்தில் 10 சதவீதம் இருந்தால் பெரிய விஷயம். 10 சதவீதத்தில் 30 கோடி வர வேண்டுமென்றால், எங்கள் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 300 கோடி டாலர் மதிப்புக்கு விற்றாக வேண்டும்.

இதில் எல்லாக் கம்பெனியும் சமமாக உதவுவதில்லை. இருபத்தைந்தில் போட்டால் பாதிக்கு மேல் போட்ட பணமே திரும்பாது. சில போட்டதைத் தரும். இன்னும் சில இரண்டு மூன்று மடங்கு தரும். ஃபண்டு பிழைப்பது ஒன்றாலோ இரண்டாலோதான். இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். ஜார்ஜ் டோரியோ 1946-ல் தொடங்கிய ஏஆர்டி நிறுவனம்தான் இன்றைய வென்ச்சர் கேப்பிட்டலுக்கு முன்னோடி. எத்தனையோ கம்பெனிகளில் பணம் போட்டது. பெயர் வாங்கித் தந்தது ஒன்றுதான்: 1957-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினிக் கம்பெனியில் போட்ட 70,000 டாலர்.

எவ்வளவு பெரிய வெற்றி வேண்டியிருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இன்ஸ்டாகிராம். 2010-ல் அது பர்பன் என்ற பெயரில் இருந்தபோது ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற வென்ச்சர் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் போட்டது. 2012-ல் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டபோது அந்தப் பங்கின் மதிப்பு ஏறக்குறைய 7.8 கோடி. முந்நூறு மடங்குக்கும் மேல். வேறு எந்த வியாபாரத்தில் இரண்டு வருடத்தில் இப்படி வரும்? ஆனால் அவர்களுடைய முதல் ஃபண்டு 30 கோடி டாலர். முந்நூறு மடங்கு லாபம் வந்தும், அந்த ஃபண்டின் கால் பங்கைத்தான் அது ஈடுகட்டியது. 'ஏன் இன்னும் அதிகம் போடவில்லை' என்று அவர்களை விமர்சித்துக்கூட எழுதினார்கள்.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வாருங்கள். ஆறு வருடம் உழைத்து, 5 கோடி டாலருக்கு ஒருவர் விலை பேசுகிறார். உங்கள் கையில் 30 சதவீதம் இருந்தால் ஒன்றரைக் கோடி டாலர். உங்கள் வாழ்க்கையும் உங்கள் பிள்ளைகள் வாழ்க்கையும் மாறிவிடும். 10 சதவீதம் வைத்திருக்கும் எங்களுக்கு வருவது 50 லட்சம். எங்களுக்குத் தேவைப்படும் 30 கோடியில் அறுபதில் ஒரு பங்கு. 'இன்னும் கொஞ்சம் வளர்க்கலாமே, பெரிதாக வரும்போது பார்த்துக்கொள்ளலாமே' என்று நாங்கள் சொல்வோம். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, கணக்கு அப்படிச் சொல்ல வைக்கிறது. கம்பெனியை விற்பதற்கு முன்னுரிமைப் பங்குதாரர்களின், அதாவது எங்களைப் போன்ற முதலீட்டாளர்களின், சம்மதம் வேண்டும் என்ற ஷரத்து அநேகமாக எல்லா டெர்ம் ஷீட்டிலும் (முதலீட்டு நிபந்தனைத் தாளிலும்) இருக்கும். உங்கள் கம்பெனியை நீங்கள் விற்க, எங்கள் கையெழுத்து தேவை.

சில காலம் முன்பு இரண்டு பேர் வந்தார்கள். பல் மருத்துவர்களுக்கான மென்பொருள். அப்பாயின்ட்மென்ட், பில், நினைவூட்டும் குறுஞ்செய்தி, எல்லாம் பிரவுசரிலேயே. டெக்கில் பதினைந்து பக்கம் சந்தை அளவும் கனவும். நான் அதை மூடிவைத்துவிட்டு, "உங்க ரிட்டென்ஷன் ஷீட் இருக்கா? அதைத் திறங்க" என்றேன். எந்த ஸ்டார்ட்அப் வந்தாலும் நான் கேட்பது அதைத்தான். நெடுக்கே எந்த மாதம் சேர்ந்தவர்கள், குறுக்கே எத்தனையாவது மாதம் ஆகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள். பேச்சில் எதையும் ஊதிப் பெருக்கலாம், இந்தக் கட்டங்களை ஊத முடியாது.

பொதுவாக இந்த ஷீட்டில் இடமிருந்து வலமாகப் போகப் போக எண்கள் வற்றிக்கொண்டே வரும். 100, 60, 41, 30 என்று. எங்கேயாவது நின்று சமமாகிறதா என்றுதான் தேடுவேன். இவர்களுடையதில் இரண்டாவது மாதம் கொஞ்சம் இறங்கி, அதற்குப் பிறகு அசையவே இல்லை. ஓராண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு கிளினிக்குகளுக்கு மேல் சந்தா கட்டிக்கொண்டிருந்தன. விளம்பரச் செலவு கிடையாது. ஒரு மருத்துவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லியே வந்தது. எட்டு பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் போக மாதாமாதம் மிஞ்சுகிறது. அப்படி ஒரு ஷீட்டைப் பார்ப்பது அரிது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மூவரும் சேர்ந்து உச்சபட்சக் கணக்குப் போட்டோம். அவர்கள் விற்கக்கூடிய கிளினிக்குகள் மொத்தம் எத்தனை, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் ஆண்டு வருமானம் எவ்வளவு. எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலரைத் தாண்டவில்லை. அருமையான தொழில். எங்கள் ஃபண்டை அது தூக்கி நிறுத்தாது. அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் அவர்கள் பல் மருத்துவர்களை விட்டுவிட்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் போக வேண்டும், ஐம்பது பேரை வேலைக்கு எடுக்க வேண்டும், பணம் மிஞ்சுகிற மாதங்கள் போய்க் கையிருப்பு எரிகிற மாதங்கள் வர வேண்டும்.

"அப்போ எங்க கம்பெனி நல்லா இல்லைங்களா மேடம்?" என்று இளையவர் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"நல்லா இருக்குப்பா. எங்க பணம் உள்ளே வந்தா இதை இப்படியே இருக்க விடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை, நிராகரிப்பாகத்தான் பட்டது. முதலீடு கிடைப்பதையே வெற்றி என்று செய்திகள் பழக்கிவைத்திருக்கின்றன. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதுதான் தலைப்பு. வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தவர்கள் தலைப்பில் வருவது கடைசியில்தான். மெயில்சிம்ப் 2001-ல் தொடங்கியது. இருபது ஆண்டுகள் வென்ச்சர் பணம் ஒரு டாலர்கூட வாங்காமல், மின்னஞ்சல் அனுப்பும் சந்தாவிலேயே வளர்ந்தது. 2021-ல் இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியபோதுதான் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த விலையில் நிறுவனர்களின் பங்கைக் கரைக்க முதலீட்டாளர் யாரும் இல்லை.

வெளிப் பணம் வேண்டுமா என்ற இந்தக் கேள்வி இன்றைக்கு முன்னெப்போதையும்விட முக்கியம். தொண்ணூறுகளின் இறுதியில் ஓர் இணையத்தளம் தொடங்க சர்வர் வாங்க வேண்டும், டேட்டாபேஸ் உரிமத்துக்குக் கட்ட வேண்டும். முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் பல லட்சம் டாலர் போய்விடும், முதலீட்டாளர் இல்லாமல் வழியில்லை. 2006-ல் அமேசான் எஸ்3-ஐயும் (சேமிப்பிடம்) இசி2-வையும் (சர்வர்) திறந்துவிட்டது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் வாடகை. அதற்கு முந்தைய ஆண்டுதான், புதிய கம்பெனிகளை வளர்த்துவிடும் முதலீட்டு நிறுவனமான ஒய் காம்பினேட்டர் தன் முதல் குழுவை எடுத்தது. சில ஆயிரம் டாலர் கொடுத்து மூன்று மாதம் உட்கார்ந்து கட்டச் சொன்னது. ரெடிட் அந்தக் குழுவில் பிறந்தது. கட்டுவதற்கான செலவு அன்றோடு விழுந்துவிட்டது. இன்று பணம் வாங்குவது பெரும்பாலும் வேகத்துக்காக. அந்த வேகம் உங்களுக்கு வேண்டுமா என்று நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

யோசித்துவிட்டு, வேண்டும் என்றே முடிவெடுத்தால் சரி. அப்போது காகிதங்களைப் படியுங்கள். வக்கீல் படிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆரம்பக் கட்டத்தில் உங்கள் முன் வருவது பெரும்பாலும் சேஃப் என்கிற ஒப்பந்தம். 2013-ல் ஒய் காம்பினேட்டர் வெளியிட்டது, 2018-ல் திருத்தியது. சில பக்கங்கள்தான், வட்டியில்லை, தவணையில்லை. இன்று பணம் வாங்கிக்கொள்ளலாம், பங்கு அடுத்த பெரிய ரவுண்டில் கொடுத்தால் போதும். வசதியாக இருப்பதால்தான் கவனம் தப்புகிறது. ஆளுக்கு 50 சதவீதம் வைத்திருக்கும் இருவர், 50 லட்சம் டாலர் உச்சவரம்பில் 5 லட்சம் வாங்குகிறார்கள். உச்சவரம்பு என்பது, பணத்தைப் பங்காக மாற்றும்போது கம்பெனிக்குப் போடும் அதிகபட்ச மதிப்பு. திருத்திய வடிவத்தில் அந்த 5 லட்சத்துக்கு 10 சதவீதம். ஆறு மாதம் கழித்து ஒரு கோடி உச்சவரம்பில் இன்னொரு 5 லட்சம். அது 5 சதவீதம். இரண்டாவது சேஃப் முதல் சேஃபைக் கரைக்காது. இரண்டும் சேர்ந்து நிறுவனர்களைத்தான் கரைக்கும். 100 இப்போது 85. பிறகு சீரீஸ் ஏ என்கிற பெரிய ரவுண்டு வருகிறது. புதிய முதலீட்டாளருக்கு 20 சதவீதம், ஊழியர்களுக்குப் பங்கு ஒதுக்கிவைக்கும் ஆப்ஷன் பூலுக்கு 10 சதவீதம். பழையவர்கள் எல்லோரும் மிச்சமுள்ள 70-ல் அடங்க வேண்டும். 85-ல் 70 சதவீதம் என்றால் 59.5. ஆளுக்கு 30 சதவீதம்கூட இல்லை. கம்பெனிக்கு இரண்டு வயது ஆகியிருக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று இந்த எக்செல் ஷீட்டை யாரும் அவர்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

இன்னொன்று லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். கம்பெனி விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்ட பணம் முதலில் அவருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. மொத்தம் 2 கோடி டாலர் வாங்கியிருக்கிறீர்கள், முதலீட்டாளர்கள் கையில் 40 சதவீதம், கம்பெனி 3 கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதக் கணக்கில் அவர்களுக்கு 1.2 கோடிதான். முன்னுரிமைக் கணக்கில் 2 கோடி. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வார்கள், உங்கள் பக்கத்துக்கு ஒரு கோடி மிஞ்சும். 'பார்ட்டிசிபேட்டிங்' என்ற ஒரு சொல் ஷரத்தில் இருந்துவிட்டால் 2 கோடியை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஒரு கோடியிலும் 40 சதவீதம் எடுப்பார்கள். உங்களுக்கு 60 லட்சம். வேல்யுவேஷனுக்காக (கம்பெனிக்குப் போடும் மதிப்புக்காக) மல்லுக்கட்டும் நிறுவனர்கள் இந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வேல்யுவேஷனில் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்தாவது இந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்வேன். 2018-ல் ஃபேன்டசி விளையாட்டு நிறுவனமான ஃபேன்டூயல் கைமாறியபோது முன்னுரிமைப் பங்குகளின் கணக்கு முடிந்த பிறகு தங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று அதன் நிறுவனர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். சின்னக் கம்பெனி இல்லை அது. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ளது.

எங்கள் பக்கத்தில் மாற வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மாட்டேன். வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்லாத பழக்கம். 'ரொம்ப நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் டிராக்‌ஷன் வரட்டும்' என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பது. இழுத்தடிப்பதால் முதலீட்டாளருக்கு ஒரு செலவும் இல்லை. நாளைக்கு அந்தக் கம்பெனி ஓடினால் உள்ளே நுழைந்துகொள்ளலாம். நிறுவனருக்கோ ஒவ்வொரு வாரமும் வங்கியிருப்பு குறைகிறது. 2008 கோடையில் ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 15 லட்சம் டாலர் மதிப்பில் ஒன்றரை லட்சம் டாலர் திரட்ட ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்து எழுதினார்கள், இரண்டு பேர் பதிலே எழுதவில்லை. நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015-ல் அந்தக் கடிதங்களை வெளியிட்டார். எல்லோரும் அதைப் படித்துவிட்டு 'வாய்ப்பைத் தவறவிட்டவர்கள்' என்று பேசினார்கள். எனக்கு அந்த ஐந்து பேர்மேல் மரியாதைதான் வந்தது. மறுத்தாலும் மறுத்து எழுதினார்கள். அடுத்த கதவைத் தட்ட அவர்களை விடுவித்தார்கள். எங்கள் ஃபண்டில் முதல் சந்திப்புக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் பதில் போய்விட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இந்தப் பணம் யாருக்குமே ஆகாது என்று சொல்லவில்லை. உண்மையிலேயே தோதான இடத்தில் அது செய்யும் வேலையை வேறு எந்தப் பணமும் செய்யாது. டைனி ஸ்பெக் என்ற கம்பெனி கிளிட்ச் என்றொரு இணைய விளையாட்டைக் கட்டியது. விளையாட்டு ஓடவில்லை, 2012-ல் மூடினார்கள். வங்கிக் கடன் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தங்கள் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவியை எடுத்துக்கொண்டு அதே முதலீட்டாளர்கள் துணையோடு அதே கம்பெனி மறுபடி தொடங்கியது. அதுதான் ஸ்லாக். 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கிய விலை 2,770 கோடி டாலர். தோற்ற பிறகும் 'இருக்கிற பணத்தை வைத்து வேறொன்றைச் செய்' என்று சொல்ல ஈக்விட்டி (பங்கு முதலீடு) போட்டவரால்தான் முடியும். வாட்ஸ்அப்பில் செக்வோயா என்ற வென்ச்சர் நிறுவனம் 2011-ல் 80 லட்சம் டாலர் போட்டபோது விளம்பரம் இல்லை, பெரிய வருமானமும் இல்லை. உலகம் முழுக்க ஒரே செயலி என்கிற அளவு மட்டும் சாத்தியமாக இருந்தது. அந்த மாதிரி அளவு உங்கள் கண்ணுக்கு நிஜமாகவே தெரிகிறது என்றால் எங்களிடம் வாருங்கள், ஓடி வாருங்கள்.

வரும்போது எங்களையும் விசாரியுங்கள். உங்கள் ஃபண்டு எந்த ஆண்டு தொடங்கியது என்று கேளுங்கள். இரண்டாவது ஆண்டில் இருக்கும் ஃபண்டுக்குப் பொறுமை இருக்கும். ஆறாவது ஆண்டில் இருப்பது சீக்கிரமே 'எப்போது விற்கலாம்' என்று கேட்கத் தொடங்கும். 'அடுத்த ரவுண்டுக்கு எங்கள் கம்பெனிக்கென்று பணம் ஒதுக்கிவைத்திருக்கிறீர்களா' என்று கேளுங்கள். பழைய முதலீட்டாளர் அடுத்த ரவுண்டில் போடாமல் ஒதுங்கினால், புதிதாக வருகிறவர் 'உள்ளே என்ன கோளாறோ' என்று சந்தேகப்படுவார்.

இணையத்தளத்தில் லோகோ போட்டிருக்கும் வெற்றிக் கம்பெனிகளின் நிறுவனர்களிடம் விசாரித்துப் பயனில்லை, அவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். அந்த ஃபண்டு பணம் போட்டு மூடப்பட்ட கம்பெனி ஒன்றின் நிறுவனரிடம் பேசுங்கள். கடைசி ஆறு மாதத்தில் போன் செய்தால் எடுத்தார்களா, ஊழியர்களின் கடைசிச் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க ஒப்புக்கொண்டார்களா, மறுபடி ஒரு கம்பெனி தொடங்கினால் அவர்களிடமே போவீர்களா என்று கேளுங்கள். எங்களிடம் அப்படிப்பட்ட நிறுவனர்களின் எண்கள், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு ஷீட்டில் இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுவேன். உங்களுக்கு டெர்ம் ஷீட் கொடுத்திருக்கும் ஃபண்டு அந்த எண்ணைத் தரத் தயங்கினால், கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். அப்படி ஒரு கம்பெனி இல்லாத ஃபண்டு கிடையாது.